மூன்று சிரட்டை மழைச்சோறு

பாவத்தைப் பற்றி நான் நன்றாகப் பேசுவேன். இருபத்து நான்கு வயதில் இன்னும் நன்றாகப் பேசினேன். உபதேசியார் பயிற்சியில் இரண்டு வருஷம் படித்து, ஜென்ம பாவம் எது, கர்ம பாவம் எது, கிருபை எது என்று எழுதிக் கொடுத்ததையெல்லாம் வரி பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். திருச்சுழிக்குத் தெற்கே ஆறு மைலில் இருந்த ஒரு கிராமத்துக்கு என்னை உபதேசியாராகவும் வாத்தியாராகவும் அனுப்பினார்கள். பதினெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள், மண்சுவர் வைத்து ஓடு போட்ட ஒரு கோவில். சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். வார நாட்களில் அதுவே பள்ளிக்கூடம்.

பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "கிருபைன்னா என்னலே?" என்று கேட்பேன். "தகுதி இல்லாதவனுக்குத் தேவன் காட்டுற தயவு" என்று ஒரே குரலில் கத்த வேண்டும். ஒரு சொல் பிசகினால் பிரம்பை எடுப்பேன். கிருபைக்காக அடி வாங்கிய பிள்ளைகள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. எனக்கு அப்போது முன்கோபம். இப்போதும் குறைந்துவிட்டதாக வீட்டில் யாரும் சொல்வதில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோவிலை ஒட்டிய அறையில் தங்கியிருந்தேன். சாப்பாடு முறை வைத்துச் சபை வீடுகளில். புதன்கிழமை முறை, மேற்குக் கடைசியில் தனியாக இருந்த ஒரு விதவை அம்மா வீட்டில். நாற்பது வயது இருக்கும். காட்டு வேலைக்குப் போய்ப் பிழைப்பவர். ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். மாதம் ஒரு கடிதம் வரும். நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்த வருஷம் சித்திரைக்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. ஒவ்வொரு புதன்கிழமையும் நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை காத்திருந்து, "தபால் ஏதும் வந்துச்சாய்யா?" என்று கேட்பார். இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

அந்த வருஷம் மழையும் இல்லை. ஆடி போய் ஆவணி, புரட்டாசியும் போய்விட்டது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினார்கள் பெண்கள். ஊரில் இருந்த இந்துக் குடும்பங்கள் மழைச்சோறு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். மழை தவறினால் எங்கள் பக்கத்தில் நடக்கும் வழக்கம் அது. பெண்கள் பானையோடு வீடு வீடாகப் போய்க் கூழோ சோறோ வாங்குவார்கள். உப்புப் போடாமல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊர் எல்லைக்குக் கொண்டுபோய், பிழைக்க வழியில்லை, ஊரை விட்டே போகிறோம் என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைத்துவிட்டு, அந்த உப்பில்லாத கூழைப் பகிர்ந்து குடிப்பார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, நம் ஆட்களில் யாரும் அந்தப் பானையில் ஒரு கரண்டி கூழ் ஊற்றக்கூடாது, அது அஞ்ஞானம் என்று தீர்த்துச் சொன்னேன். அதோடு விடவில்லை. அவர்கள் மழைச்சோறு எடுக்கும் அதே நாளில் நமக்கு மழைக்காக உபவாசம், விடிந்ததிலிருந்து மாலை ஜெபம் முடியும் வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று அறிவித்தேன். போட்டிக்குத்தான் அறிவித்தேன். அப்போது அதை பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் காலையில் கோவில் விளக்குக்கு மண்ணெண்ணெய் பர்மிட்டு வாங்க நான் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. யுத்த காலம். எதற்கெடுத்தாலும் பர்மிட்டு. குமாஸ்தா மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வா என்றார். திரும்பி வரக் கரி பஸ் இருந்தது. பின்னால் அடுப்பை வைத்துக் கரியைப் போட்டு ஓட்டுவார்களே, அந்த பஸ். ஒரு மைல் வந்ததும் புகையை மட்டும் விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மீதி ஐந்து மைலையும் நடந்தேன். முந்தின நாள் ராத்திரியும் அரை வயிறுதான். பஞ்ச காலத்தில் உபதேசியாருக்கு மட்டும் எங்கிருந்து முழு வயிறு? ஊர் எல்லைக்கு வந்தபோது கண் இருட்டியது.

எல்லையில் உடைமர நிழலில் மழைச்சோற்றுப் பெண்கள் இருந்தார்கள். அழுது முடித்துவிட்டுக் கூழைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "வாத்தியாரய்யா, இந்த வெயில்லயா நடந்து வாரீக? ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று சிரட்டையை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கம்மங்கூழ். உப்பில்லை. முதல் மடக்கிலேயே அது என்னவென்று நாக்கு சொல்லிவிட்டது. தெரியாமல் குடித்தேன் என்று பின்னால் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். தெரிந்துதான் இரண்டாவது சிரட்டை வாங்கினேன். மூன்றாவதை நானே கேட்டு வாங்கினேன். அந்தப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் சபை ஆள் ஒருவரும் அங்கே இல்லை என்பதைக் குடிப்பதற்கு முன்பே சுற்றிப் பார்த்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாலையில் உபவாச ஜெபத்தை நான்தான் நடத்தினேன். பயத்தில் குரல் எழும்பவில்லை. அதைக் கேட்டுவிட்டு, "ஐயாவுக்குப் பட்டினியில குரலே வரல, பாவம்" என்று ஒரு பெரியவர் உருகினார். ஜெபம் முடிந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினார்கள். நானும் பசித்தவனைப் போல வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை சபையார் ஒருவர் ஓடிவந்து ஒரு செய்தி சொன்னார். அந்த விதவை அம்மா மழைச்சோற்றுப் பானையில் ஒரு செம்பு கம்மங்கூழ் ஊற்றியிருக்கிறார், பார்த்தவர்கள் உண்டு. எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அது அவர் மேல் வந்த கோபம் அல்ல. ஆனால் போய் விழுந்தது அவர் மேல்.

எங்கள் சபை வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அருப்புக்கோட்டையிலிருந்து ஐயர் வருவார். குருவானவரை எங்கள் சபைகளில் ஐயர் என்றுதான் அழைப்பது. அவர் வந்தால்தான் நற்கருணை. யார் யார் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம் என்ற பட்டியலை உபதேசியார் எழுதி வைக்க வேண்டும். குடித்தவர், அடித்தவர், அஞ்ஞானச் சடங்கில் கலந்தவர் பெயரை அடித்துவிடுவோம். அவர்கள் நற்கருணை நேரத்தில் எழுந்து வெளியே போய் வாசலுக்கு எதிரே உட்கார வேண்டும். அடுத்த முறை ஐயர் வரும்போது எல்லார் முன்னாலும் நின்று செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால், அங்கேயே பெயரைத் திரும்ப எழுதுவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாவை நிற்க வைத்தேன்.

"உபவாச நாள்ல அடுப்பு மூட்டுனீங்களா?"

"மூட்டுனேன்யா. நான் ஒரு வாய்கூடக் குடிக்கல."

"பானையில ஊத்துனீங்களா, இல்லையா?"

"ஊத்துனேன்யா. எங்கூட களை எடுக்கிற பிள்ளைக. வாசல்ல வந்து ஏந்திக்கிட்டு நின்னாளுக. மழை பெஞ்சா எல்லாருக்குந்தானய்யா பெய்யும்?"

யாரோ பின்னால் ஆமாம் என்பதுபோல் முனகினார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. விக்கிரக ஆராதனை, இருமனம், சபைக்கு வந்த களங்கம் என்று படித்ததையெல்லாம் எடுத்து வீசினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தடவை என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இந்த ஒரு தடவ மட்டும் விட்டுருங்கய்யா. மகனுக்காக அப்பம் எடுக்கணும்னு நேந்திருக்கேன். அடுத்த தடவ வெளிய உக்காருறேன்."

"நேந்துக்கிறதுங்கிறதே அஞ்ஞானப் பேச்சு" என்றேன். பட்டியலை எடுத்து அங்கேயே அவர் பெயரை அடித்தேன். ஐயருக்கும் எழுதினேன். விதிப்படி செய்யவும் என்று ஒரு கார்டு வந்தது. புதன்கிழமைச் சாப்பாட்டு முறையையும் நானே நிறுத்திவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாததுதான் காரணம். ஊருக்குச் சொன்ன காரணம் ஒழுங்கு.

அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பானையில் அவர் கூழும் கலந்திருந்தது. அவர் பட்டினி கிடந்துகொண்டே காய்ச்சிக் கொடுத்ததைத்தான் நான் உபவாசத்தை முறித்துக் குடித்திருந்தேன்.

பத்து நாள் கழித்து மழை வந்தது. நல்ல மழை. உபவாசத்துக்குத் தேவன் தந்த பதில் என்று நான் நன்றி ஆராதனை நடத்திப் பிரசங்கமும் செய்தேன். அதை நடத்தாமல் இருந்திருக்கலாம். மனிதன் ஒரு பொய்யைச் சொன்னபின் அதற்குக் கூரை போட்டு, சுவர் வைத்து, வெள்ளையும் அடித்துவிடுகிறான்.

கார்த்திகையில் ஐயர் வந்தார். நற்கருணைக்கு முன்னால் அந்த அம்மா தானாகவே எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பாவ அறிக்கை ஜெபம் சொல்வது என் வேலை. எழுந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். "இந்தச் சபையிலேயே பெரிய பாவி நான்தான்" என்றேன். கண்ணீர் வந்தது, நிஜமான கண்ணீர். அடுத்த வாக்கியத்தை எடுப்பதற்குள் சபையெங்கும் பெருமூச்சு. பெண்கள் பக்கம் ஒன்றிரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள். ஐயர் என் தோளில் கை வைத்தார். அடுத்த வாக்கியத்தை நான் விழுங்கிவிட்டேன். ஆராதனை முடிந்ததும், இந்த வயசில் இவ்வளவு தாழ்மையா என்று ஆள் ஆளுக்குப் பாராட்டினார்கள்.

அன்று அப்பத்தையும் வாங்கினேன். வாயில் போட்டேன். வாசல் வழியே அந்த அம்மாவின் முதுகு தெரிந்தது.

பாவி என்பது பெரிய சொல். அதற்குப் பின்னால் ஓர் ஆள் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம். எல்லோரும் பாவிகள் என்று நாங்கள் வாரா வாரம் சொல்லும் சபையில், நானும் பாவி என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. கூழ் குடித்தேன் என்பதுதான் வாயிலிருந்து வர மறுக்கிறது. ஜென்ம பாவம் என்று பயிற்சியில் படித்தது எங்கோ ஆதியில் நடந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அது எனக்குள் இருந்துகொண்டு, நான் அழுகிற கண்ணீரையும் தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் அதை மனப்பாடம்தான் செய்திருப்பேன்.

மாசியில் ஐயர் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. அந்த அம்மாவை அறிக்கைக்குத் தயார் செய்ய வேண்டியது என் பொறுப்பு. முதல் நாள் சனிக்கிழமை பொழுது சாய அவர் வீட்டுக்குப் போனேன். பல மாதத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறேன். வாங்கய்யா என்று பாயை விரித்தார். நான் பேச்சைத் தொடங்குவதற்குள் ஒரு கும்பாவில் கூழும் சுட்ட மிளகாய் இரண்டும் கொண்டுவந்து வைத்தார்.

"உப்புப் போட்டுத்தான்யா கரைச்சிருக்கேன். குடிங்க" என்றார்.

என் கை கும்பாவுக்கு மேலேயே நின்றுவிட்டது. குத்தலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. பசியோடு வந்தவனுக்குச் சொல்லும் பேச்சுதான்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"ஊத்துல தண்ணி மொள்ளயில அந்தப் பிள்ளைகதான் சொன்னாளுக. ஒங்க வாத்தியாரு எங்க சோறு மூணு சிரட்டை குடிச்சாக, கட்டாயம் மழை வரும்னு. வந்துச்சுல்ல, அதுலயிருந்து ஒங்க மேல அவளுகளுக்கு ஒரே மரியாதை."

"எப்பச் சொன்னாங்க?"

"மறுநாளே."

மறுநாள். அப்படியானால் நான் அவரை நிற்க வைத்துக் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகனுக்காக அந்த அப்பத்தை எடுக்க வேண்டும் என்று என்னிடம் கெஞ்சினாரே, அப்போதும் அந்த ஒரு வார்த்தை அவரிடம் இருந்தது.

"ஏம்மா சொல்லல?"

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "சொல்லணும்னுதான்யா இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்திருச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்தேன். பயந்து போயிக் கெடக்கீக. அதுக்கு மேல என்னத்தச் சொல்ல? தாய் தகப்பன விட்டு வந்து இங்கன கெடக்குற பிள்ளை, பசிச்சிருக்கும்." கும்பாவை என் பக்கம் தள்ளினார். "ஆறிப்போகும், குடிங்க. நாளைக்கு நான் என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுங்க. எனக்குச் சபையில பேச வராது."

அவர் என்னை மிரட்டியிருந்தால் நான் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன். அந்தப் பெண்கள் பொய் சொல்கிறார்கள் என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவர் எதையும் கேட்கவில்லை. தனக்கு வார்த்தை சொல்லிக் கொடுக்கும்படி மட்டும் கேட்டார். உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கூழை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதையும் மறைப்பதற்கில்லை.

மறுநாள் அவர் சபை முன்னால் நின்றார். "பானையில கூழு ஊத்துனேன். உபதேசியாரய்யா வேண்டாம்னு சொல்லியும் ஊத்துனேன். என்னைய மன்னிச்சு உள்ள சேத்துக்கோங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பென்சிலை எடுத்து அவர் பெயரைப் பட்டியலில் எழுதினேன். எழுதிவிட்டு, மேலே முதலாவதாக இருந்த என் பெயரை அடித்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றேன். இந்தத் தடவை கண்ணீர் வரவில்லை. "உபவாசத்தன்னைக்கு நான் மழைச்சோறு குடிச்சேன். மூணு சிரட்டை. தெரிஞ்சுதான் குடிச்சேன். மூணாவது கேட்டு வாங்கிக் குடிச்சேன். சாயங்காலம் குடிக்காதவன் மாதிரி ஜெபம் பண்ணினேன். இந்த அம்மாவுக்கு அது தெரிஞ்சிருந்தும் சொல்லல."

யாரும் பெருமூச்சு விடவில்லை. யாரும் அழவில்லை. பிள்ளைகள் பக்கம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவனும் கிருபைக்காக என்னிடம் அடி வாங்கியவன்தான். என் தாழ்மையைப் பாராட்டிய பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஐயர் பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், தம்பி. வெளிய போயி உக்காருங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

அடுத்த வருஷம் என்னைப் பாலவனத்தம் பக்கம் ஒரு சபைக்கு மாற்றினார்கள். சண்டை முடிந்து அந்த அம்மாவின் மகன் உயிரோடு திரும்பி வந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் என் புண்ணியம் ஒன்றும் இல்லை. அவன் வராமல் போயிருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது. பிள்ளைகளிடம் கிருபை என்றால் என்ன என்று கேட்பதை நான் விடவில்லை. பிரம்பை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்த மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, நான் தலையைக் குனிந்துகொண்டு வாசலை நோக்கி நடந்தேன். எல்லோர் முன்னாலும் அந்தப் பத்தடி நடப்பதற்குள் செத்துவிடலாம் போலிருந்தது. பெண்கள் வரிசையின் ஓரத்தில், வாசலுக்குப் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போகையில், யாருக்கும் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கட்டையில உக்காருங்கய்யா. தரை சுடும்."

வெளியே உச்சி வெயில். வாசலுக்கு எதிரே ஒரு பழைய மரக்கட்டை கிடந்தது. அந்த அம்மா தான் உட்காருவதற்காக எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. நான் அங்கே போய் உட்கார்ந்தேன். கார்த்திகையில் அவரை அங்கே அனுப்பியது நான். அந்தத் தரை சுடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.